சுப்ரா விருந்தில் மது அருந்தாதவர் எப்படி அமர்வது? குடிக்கு விதி வகுத்த சமூகங்கள் குறித்து ஒரு கேள்வி

பொருநைக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியில் மருத்துவம் படித்து வருகிறேன். நான் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர்கள் என்னைத் தங்கள் பிள்ளையைப் போலவே நடத்துகிறார்கள். அவர்களுடைய மூத்த மகனுக்கு விரைவில் கஹேத்திப் பகுதியில் உள்ள சொந்த ஊரில் திருமணம் நடக்கவிருக்கிறது. அதையொட்டி நடைபெறும் ‘சுப்ரா’ என்னும் பெருவிருந்தில் நான் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று வீட்டின் மூதாட்டியே நேரில் அழைத்துவிட்டார்.

நான் மது அருந்துவதில்லை. தொடங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் விருந்தும் திராட்சை மதுவும் பிரிக்க முடியாதவை என்பதைக் கண்ணால் கண்டுவருகிறேன். எங்கள் ஊரில் குடி என்றால் மறைவாக நின்று விரைவாக முடித்துக்கொள்ளும் ஒன்றாகவே எனக்கு அறிமுகமானது. இங்கோ பாட்டி, பேரன், சில வீடுகளில் பாதிரியார் உட்பட எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கோப்பையை உயர்த்துகிறார்கள். எப்போது குடிக்கலாம், யார் ஊற்றலாம், யாரை முதலில் வாழ்த்த வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருப்பதாகத் தெரிகிறது.

சுப்ரா எப்படி நடக்கிறது, அருந்தாத ஒருவர் அந்த மேசையில் யாரையும் புண்படுத்தாமல் எப்படி அமர்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். குடியை இவ்வாறு விதிகளுக்குள் வைத்திருக்கும் வேறு சமூகங்களைப் பற்றி அறிந்தவர்களும் எழுதுங்கள்.

குரா நதிக்கரை

தம்பி, அழைத்தது மூதாட்டி என்றால் நீங்கள் போகாமல் இருக்க முடியாது. குடும்பத்தோடு பல ஆண்டுகளாகத் திபிலிசியில் வசிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுப்ராவின் நடுநாயகம் மதுவன்று, ‘தமடா’ எனப்படும் விருந்துத் தலைவர். வீட்டு விருந்தானால் வீட்டுக்காரரே தமடாவாக இருப்பார், அல்லது அந்தப் பொறுப்பை மேசையில் மதிப்புள்ள ஒருவரிடம் ஒப்படைப்பார். திருமணத்தில் பேச்சாற்றலுக்குப் பெயர்பெற்ற ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்துவிடுவார்கள். அவர் எழுந்து ஒரு பொருளைக் குறித்து வாழ்த்துரை சொன்ன பிறகுதான் கோப்பைகள் உயரும். ஒரு வாழ்த்துக்கும் அடுத்த வாழ்த்துக்கும் இடையில் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல் மதுவை எடுத்துக் குடிப்பது மரபான மேசைகளில் அநாகரிகமாகவே கருதப்படும். நிரம்பிய கோப்பை உங்கள் முன்னால் இருக்கும். ஆனால் அதைத் தொடும் நேரத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும். கோப்பைகளை நிரப்புவதற்கும் ‘மெரிகிபே’ என்று தனியாக ஒருவர் இருப்பார், பெரும்பாலும் வீட்டு இளைஞர்களில் ஒருவர்.

வாழ்த்துகளின் வரிசை ஊருக்கு ஊர் சற்று மாறும். பொதுவாகக் கடவுளையும் அமைதியையும் முதலில் நினைப்பார்கள். நாடு, கூடியதற்கான காரணம், பெற்றோர், விருந்தினர், பெண்கள், நட்பு என்று அது நீளும். மறைந்தவர்களுக்கான வாழ்த்து எந்த மேசையிலும் தவறாது. அதற்குப் பிறகு குழந்தைகளையும் புது உயிர்களையும் வாழ்த்துவது வழக்கம். சாவில் பேச்சை நிறுத்திவிடக் கூடாது என்பதில் அவர்கள் கவனமாக இருக்கிறார்கள். முடிவை நெருங்கும்போது மேசையினர் தமடாவையே வாழ்த்துவார்கள். எல்லாப் புனிதர்களையும் நினைந்து சொல்லும் வாழ்த்தோடு விருந்து நிறைவுபெறுவது பரவலான மரபு.

தமடா பேசி முடித்ததும் மேசையில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக அதே பொருளில் தம் சொற்களைச் சேர்த்துவிட்டுக் குடிப்பார்கள். பெற்றோரைப் பற்றிய வாழ்த்து நடக்கும்போது நீங்கள் எழுந்து நட்பைப் பற்றிப் பேச முடியாது. அதற்குத் தமடாவின் அனுமதி வேண்டும். சில வேளை அவர் ஒருவரைக் குறிப்பிட்டு ‘அலவெர்டி’ என்பார். அதாவது, வாழ்த்தைத் தொடர்ந்து வளர்த்துச் சொல்லும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கிறார் என்று பொருள். இடையிடையே பல குரல்கள் இணைந்த பாடல் எழும். ஜார்ஜியாவின் இந்தப் பன்குரல் பாடல் மரபை யுனெஸ்கோ 2001இலேயே மானுடத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. ஒரு நல்ல சுப்ரா ஐந்தாறு மணி நேரம் நீள்வதற்கு உணவும் மதுவும் மட்டுமல்ல, இந்தப் பேச்சும் பாட்டும்தான் காரணம்.

‘கான்ட்சி’ என்ற கொம்புக் கோப்பையையும் பார்ப்பீர்கள். ஆடு, மாடு ஆகியவற்றின் கொம்பில் செய்வது. அதற்கு அடிப்பாகம் கிடையாது என்பதால் மேசைமீது வைக்க முடியாது. கையில் வாங்கியவர் முழுவதையும் குடித்த பிறகே கீழே விட இயலும். அதை ஏற்காமல் தவிர்க்க வேண்டுமானால் கைக்கு வருவதற்கு முன்பே தவிர்த்துவிடுங்கள்.

கஹேத்தி என்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதி ஜார்ஜிய மதுவின் தாய்வீடு. அங்கே பல வீடுகளில் ‘மரானி’ எனப்படும் மது அறை இருக்கும். அதன் தரையில் ‘க்வெவ்ரி’ எனப்படும் முட்டை வடிவப் பெருந்தாழிகள் கழுத்துவரை புதைக்கப்பட்டிருக்கும். உட்புறம் தேன்மெழுகு பூசிய அந்தத் தாழிகளில் திராட்சைச் சாற்றைத் தோல், விதை, சில வேளை காம்பு ஆகியவற்றோடு சேர்த்து இட்டு நொதிக்கவைத்து, பிறகு வாயை மூடிவிட்டு, இளவேனில் வரை அப்படியே விட்டுவிடுவார்கள். மண்ணின் குளிர்ச்சியே வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கிறது. வெள்ளைத் திராட்சையில் செய்தாலும் தோலோடு கிடப்பதால் மது தேன் நிறம் பெறுகிறது. இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கே உள்ள புதிய கற்கால வாழ்விடங்களில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை மதுவின் வேதிச் சுவடுகள் இருந்ததை 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 6000. உங்கள் கோப்பையில் ஊற்றப்படுவது அநேகமாகக் கடையில் வாங்கியதாக இராது. அந்த வீட்டார் தம் தோட்டத்தில் விளைவித்துத் தம் தாழியில் வைத்து எடுத்ததாகவே இருக்கும். அதனால்தான் ஒருவர் அதை மறுக்கும் விதத்தில் இத்தனை கவனம் தேவைப்படுகிறது.

ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுப்ரா அப்படியே ஆதிகாலத்திலிருந்து வருகிறது என்று ஜார்ஜியர்கள் பெருமையோடு சொல்வார்கள். வாணி என்ற இடத்தில் கிடைத்த, கையில் கொம்புக் கோப்பை ஏந்திய பண்டைய வெண்கலச் சிற்பத்தையும் சான்றாகக் காட்டுவார்கள். அதன் பெரிய படி திபிலிசியின் பழைய நகரில் நிற்கிறது. ஆனால் இன்று நாம் காணும் கட்டுக்கோப்பான வாழ்த்து வரிசை உருசியப் பேரரசின் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது என்று சில மானிடவியலாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாகவே படுகிறது. நாட்டை இழந்த மக்கள் தங்கள் மொழியையும் மறைந்தவர்களையும் நாள்தோறும் நினைத்துக்கொள்ள ஒரு மேசையை அமைத்துக்கொண்டார்கள் என்றால், அதனால் மரபின் மதிப்புக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்காரரிடம் முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள். அவர் தமடாவிடம் சொல்லிவிடுவார். கோப்பையை நிரப்பவிடுங்கள், வாழ்த்தின்போது எழுந்து உயர்த்துங்கள், உதட்டில் தொடாமலே இறக்கி வைத்தாலும் பெரும்பாலோர் பொருட்படுத்த மாட்டார்கள். அங்கே வண்டி ஓட்டிச் செல்ல வேண்டியவர்களும், மருந்து உட்கொள்பவர்களும், பெண்களில் பலரும் அப்படித்தான் அமர்ந்திருப்பார்கள். கோப்பை காலியாகவில்லை என்பதைவிட, வாழ்த்து நடக்கும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர்களை வருத்தும்.

கீழைக்கடல்

கொரியாவின் கப்பல் கட்டும் நகரம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றியவன். மேலே நண்பர் எழுதியதைப் படித்தபோது, அங்கே உள்ள விதிகள் எவ்வளவு வேறான திசையில் இயங்குகின்றன என்பது தோன்றியது. ஜார்ஜியாவில் விதி சொல்லைச் சுற்றி அமைந்திருக்கிறது. கொரியாவில் வயதைச் சுற்றி அமைந்திருக்கிறது.

அங்கே யாரும் தன் கோப்பைக்குத் தானே ஊற்றிக்கொள்வதில்லை. மூத்தவருக்கு ஊற்றும்போது குப்பியை வலக்கையில் பிடித்து, இடக்கையால் அதையோ முன்கையையோ தாங்க வேண்டும். அவர் ஊற்றும்போது இரு கைகளாலும் கோப்பையைப் பிடித்து ஏற்க வேண்டும். பெரியவர் முன்னிலையில் இளையவர் நேருக்கு நேராகக் குடிக்காமல், முகத்தை ஒருபுறம் திருப்பி, கையால் மறைத்துக்கொண்டு குடிப்பார். முன்னோர் வழிபாட்டில் படைத்த மதுவைச் சடங்கு முடிந்ததும் குடும்பத்தார் பகிர்ந்து அருந்துவதும் உண்டு. மதுவைப் பெரியவர்களிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பது அங்கே பரவலான கருத்து. தந்தையே மகனுக்கு முதல் கோப்பையை ஊற்றிக் கொடுத்து, எப்படி அமர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்.

கோப்பையில் மது மீதமிருக்கும்போது மேலும் ஊற்றுவதும் தவறு. அவ்வாறு மேலூற்றுவது இறந்தோருக்கான சடங்கில் செய்வது. அடுத்த நாடான ஜப்பானிலோ இதற்கு நேர்மாறாக, பக்கத்தில் இருப்பவரின் கோப்பை குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் பண்பு.

ஆனால் இந்த விதிகளே சுமையாகவும் மாறும் என்பதை நான் கண்டிருக்கிறேன். அலுவலகம் முடிந்த பின் குழுவாகச் சென்று உண்டு குடிக்கும் ‘ஹோய்சிக்’ என்ற வழக்கத்தில் மேலதிகாரி ஊற்றும் கோப்பையை மறுப்பது எளிதன்று. ஓர் இடத்தில் தொடங்கி, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று கடை மாறிக்கொண்டே இரவு நீளும். மரியாதைக்காக ஏற்பட்ட முறை அதிகாரத்தின் கருவியாகிவிட்ட நிலை அது. கீழ்ப் பணியாளரைக் குடிக்கக் கட்டாயப்படுத்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2007இல் சியோலின் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளிக்கும் அளவுக்கு அது போயிற்று. 2018இல் வாரத்துக்கு 52 மணி நேர வேலை வரம்பு நடைமுறைக்கு வந்ததாலும், இளைய தலைமுறையினர் வெளிப்படையாக மறுக்கத் தொடங்கியதாலும் இந்த வழக்கம் தளர்ந்து வருகிறது. முகம் திருப்பிக் குடிக்கும் அந்த இளைஞனின் பணிவை நான் மதிக்கிறேன். ஆனால் பெரியவர் அளவறிந்து ஊற்றும் வரையில்தான் அந்தப் பணிவுக்குப் பொருள் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

முளைச்சோளம்

பெருவின் குஸ்கோ வட்டாரத்தில் வேளாண்மை ஆய்வுக்காகத் தங்கியிருந்தவள் நான். ஆண்டிஸ் மலைமக்களின் ‘சிச்சா’வைப் பற்றி எழுதாமல் இந்த உரையாடல் நிறைவுபெறாது என்று நினைக்கிறேன்.

சிச்சா என்பது மக்காச்சோளத்தில் செய்யும் புளிப்பான, மங்கலான மஞ்சள் நிறமுடைய இளமது. கெச்சுவா மொழியில் ‘ஆக்கா’ என்பார்கள். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி உலர்த்துவதுபோலவே அங்கே சோளத்தை ஊறவைத்து முளைகட்டி, வெயிலில் காயவைத்து, அரைத்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, பெரிய மண் பானைகளில் சில நாட்கள் நொதிக்க விடுவார்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதிப்பொருள்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துத் தருகின்றன. சில இடங்களில் முளைகட்டுவதற்குப் பதிலாக மாவை வாயிலிட்டு மென்று உமிழ்நீரின் துணையால் அதே வேலையை முடிக்கும் பழைய முறையும் இருந்தது. அமேசான் காட்டுப் பகுதியில் மரவள்ளிக் கிழங்கை மென்று செய்யும் ‘மசாத்தோ’ இதே வகை. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் முளைத் தானியம் செய்யும் வேலையை உமிழ்நீர் செய்கிறது என்ற அறிவு, நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அந்தப் பெண்களுக்கு இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். காய்ச்சுவோர் பெரும்பாலும் பெண்களே. வீட்டில் சிச்சா தயாராகிவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கம்பத்தில் சிவப்புக் கொடியையோ, இப்போதெல்லாம் சிவப்பு நெகிழிப்பையையோ கட்டி வைப்பார்கள்.

குடிக்கும் முறைக்கு இரண்டு விதிகள் முதன்மையானவை. முதல் சில துளிகள் நிலத்துக்கு உரியவை. ‘பச்சமாமா’ என்னும் மண்தாய்க்குச் சிந்திய பிறகே மனிதர் வாயில் வைக்க வேண்டும். அடுத்தது, தனியாகக் குடிக்கலாகாது. ‘கெரோ’ எனப்படும் மரக்கோப்பைகளைப் பண்டைய கைவினைஞர்கள் இணை இணையாகவே செய்தார்கள். ஒரே அளவு, ஒரே வேலைப்பாடு. ஒன்று கொடுப்பவருக்கு, மற்றொன்று பெறுபவருக்கு. இருவரும் ஒரே அளவு குடிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஸ்பானியர் வருவதற்கு முன் ஆண்டிஸ் பகுதியை ஆண்ட இன்கா அரசில் மக்கள் வரியாகத் தங்கள் உழைப்பைத் தந்தார்கள். அதற்கு ஈடாக அவர்களுக்கு உணவும் சிச்சாவும் வழங்குவது அரசின் கடமையாக இருந்தது. சிச்சா இல்லாத வேலைக்கு யாரையும் அழைக்க முடியாது.

இன்காக்களுக்கு முந்தைய வாரி மக்களின் காலத்தில் இது இன்னும் வியப்பானது. தெற்குப் பெருவில் செர்ரோ பவுல் என்ற செங்குத்தான மலையின் உச்சியில் அவர்களுடைய மது காய்ச்சும் கூடம் ஒன்றை அகழாய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். ஒரு முறைக்கு ஏறத்தாழ 1,800 லிட்டர் காய்ச்சக்கூடிய அந்தக் கூடம் சுமார் கி.பி. 1000ஆம் ஆண்டளவில் தீயிட்டு எரிக்கப்பட்டது. பகைவர் எரித்ததன்று. அந்த இடத்தைக் கைவிட்டுச் செல்ல முடிவெடுத்தவர்களே கடைசி முறையாகக் காய்ச்சிக் குடித்துவிட்டு, கூடத்துக்குத் தீ வைத்து, தங்கள் சுடுமண் கெரோக் கோப்பைகளை நெருப்பில் எறிந்து உடைத்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

கோப்பையை மறுப்பது எவ்வளவு பெரிய செய்தியாக முடியும் என்பதற்கும் அங்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1532இல் ஸ்பானியர் பெருவின் கஹமார்க்கா நகருக்கு வந்தபோது நடந்ததைப் பற்றி, இன்கா அரச மரபினரான தீத்து குசி யுபாங்கி 1570இல் சொல்லி எழுதவைத்த குறிப்பு கிடைத்திருக்கிறது. தம்மைக் காண வந்த ஸ்பானியருக்கு அரசர் அட்டவல்பா பொற்கோப்பையில் சிச்சா கொடுத்தார். அதை வாங்கியவர் குடிக்காமல் தரையில் கொட்டிவிட்டார். அரசர் கடும் சினம் கொண்டார் என்கிறது அது. சில துளிகளைச் சிந்துவது வழிபாடு, முழுவதையும் கொட்டுவது உறவை அறுப்பது. வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவும் இல்லை, தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. கேள்வி கேட்ட தம்பி இவ்வளவு முன்யோசனையோடு கேட்பதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

புல்வெளிப் பயணி

மங்கோலியாவைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே கோடைக்கால மது ‘ஐராக்’, அதாவது நொதித்த குதிரைப் பால். சாராயத்தின் கடுமை இல்லாமல் மோரின் புளிப்போடு இருக்கும். மாட்டுத்தோலால் ஆன பெரிய பையில் ஊற்றி, மரக்கோலால் நூற்றுக்கணக்கான முறை கடைய வேண்டும். பை கூடாரத்தின் வாசலருகே தொங்குவதால் உள்ளே வருபவர்களும் நாலு கடை கடைந்துவிட்டு அமர்வார்கள். இந்தத் தோல்பை முறை 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 1253க்கும் 1255க்கும் இடையில் மங்கோலியப் பேரரசில் பயணம் செய்த வில்லியம் ரூப்ரூக் என்ற துறவி, இது நாக்கைச் சுள்ளென்று குத்தினாலும் உள்ளத்துக்கு இதமாக இருப்பதாக எழுதியிருக்கிறார்.

அருந்தாதவருக்கு அங்கே இருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. கிண்ணத்தை வலக்கையில், அல்லது இரு கைகளாலும் பெற்று, உதட்டில் வைத்துவிட்டு மீண்டும் கொடுத்தவரிடமே தரலாம். பெற்றுக்கொண்டதே மரியாதை. வோட்கா என்றால் மோதிர விரலை நனைத்து வானுக்கும் நிலத்துக்கும் சுண்டிவிட்டுத் திருப்பித் தருவார்கள். வாங்க மறுத்துக் கையை ஆட்டுவதுதான் தவறு.

கல்லீரல் மருத்துவன்

மேலே எழுதிய அனைவரின் அறிவையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை. எப்படிக் குடிக்க வேண்டும் என்ற விதி வேறு, எவ்வளவு குடிக்கலாம் என்ற விதி வேறு. இந்தச் சமூகங்கள் முதலாவதை மிக நுட்பமாக வகுத்தன. இரண்டாவதைப் பல வேளைகளில் மேசைத் தலைவரின் நல்லறிவுக்கு விட்டுவிட்டன.

கணக்குப் பாருங்கள். 12 விழுக்காடு சாராயச் செறிவுள்ள திராட்சை மது 150 மில்லி என்றால் அதில் ஏறத்தாழ 14 கிராம் எத்தனால் இருக்கிறது. பத்து வாழ்த்துக்குப் பத்துக் கோப்பை என்றால் 140 கிராம். சராசரி மனிதரின் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழு முதல் பத்துக் கிராம் வரைதான் அகற்றும். விருந்து முடிந்து மறுநாள் பிற்பகல் வரைகூட அது உடலில் இருக்கும். சொற்கள் அழகாக இருந்தன என்பதற்காகக் கல்லீரல் வேகமாக வேலை செய்யாது.

கொரியா, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு, மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளைச் சிதைக்கும் நொதி சரிவர இயங்காத மரபணு மாற்றம் இருக்கிறது. ஒரு கோப்பையிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். அத்தகையவர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான ஆபத்துப் பன்மடங்காகிறது. அவரிடம் மேலதிகாரி இரு கைகளாலும் கோப்பையை ஏற்கச் சொன்னால், அது பண்பாடா கொடுமையா என்பதை நண்பர் கீழைக்கடல் சரியாகவே சொல்லியிருக்கிறார். மதுவைப் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று அந்நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 சனவரியில் தெளிவாகக் கூறியது. தம்பி, நீங்களும் மருத்துவராகப் போகிறவர். குடிக்காமல் இருப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேச வேண்டியதில்லை.

குரா நதிக்கரை

மருத்துவர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கோப்பையை அடிவரை காலி செய்யச் சொல்லும் ‘போலொம்தே’ என்ற வற்புறுத்தல் சுப்ராவில் இருப்பது உண்மை; அதற்கு இணங்கி உடலைக் கெடுத்துக்கொண்டவர்களை நானும் அறிவேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மேசையில் நிலை தடுமாறுவது அங்கே பெரும் இழுக்கு. தமடா தடுமாறினால் அது வீட்டுக்கே இழுக்கு. நல்ல தமடா, களைத்தவரைக் கண்டுகொண்டு வாழ்த்தை நீட்டுவார், பாட்டைத் தொடங்குவார், மெரிகிபேயைக் கண்ணால் நிறுத்துவார். எல்லோரும் அப்படி வாய்ப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொருநைக்கரையான்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டி, எனக்கு வீட்டில் செய்த பழச்சாறு வைப்பதாகச் சொன்னார். இன்னும் இரண்டு ஐயங்கள். வகுப்புத் தோழன் ஒருவன், பீர்க் கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லவே கூடாது என்கிறான். அது ஏன்? தமடா என்னிடம் ‘அலவெர்டி’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

குரா நதிக்கரை

பீரைப் பற்றி உங்கள் தோழர் சொன்னது பழைய வழக்கம். பிடிக்காதவர்களையும் பகைவர்களையும் பீரால் வாழ்த்துவது என்று ஒரு மரபு இருந்தது. எனவே நல்லவர்களைப் பீரால் வாழ்த்தினால் அவமதிப்பாகிவிடும். இளைஞர்கள் இப்போது அதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆனால் இதுவும் நாடு முழுவதற்கும் பொருந்தாது. திராட்சை விளையாத துஷேத்தி போன்ற உயர்மலைப் பகுதிகளில் பார்லியில் காய்ச்சிய ‘அலுதி’ என்ற பீர்தான் புனிதமானது. கோடைத் திருவிழாவுக்காக ஊர்ப் பொறுப்பாளர்கள் அதைப் பெருங்கொப்பரைகளில் காய்ச்சுவார்கள். வாழ்த்தும் அதைக் கொண்டே நடக்கும். நீங்கள் போவது கஹேத்தி என்பதால் பழச்சாற்றோடு எழுந்து நில்லுங்கள், பீர்ப் பக்கம் போகவே வேண்டாம்.

அலவெர்டி உங்களிடம் வந்தால் அஞ்ச வேண்டாம். எழுந்து நின்று, தமடா எதைப் பற்றிப் பேசினாரோ அதைப் பற்றியே நான்கைந்து வாக்கியங்கள் சொல்லுங்கள். பெற்றோரைப் பற்றியது என்றால் உங்கள் பெற்றோரையும் நினைத்துவிட்டு மணமக்களின் பெற்றோரிடம் வாருங்கள். ஜார்ஜிய மொழி தடுமாறினால் தமிழிலேயே ஒரு வரி சொல்லி, பொருளை யாராவது மொழிபெயர்க்கட்டும். அதைக் கேட்க அவர்கள் ஆர்வமாக இருப்பார்கள். முடிக்கும்போது ‘கவுமார்ஜோஸ்’ என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கோப்பையை உயர்த்துங்கள். மறைந்தவர்களுக்கான வாழ்த்து வரும்போது ஆண்கள் எழுந்து நிற்பார்கள், சிலர் ரொட்டித் துண்டின்மேல் சில துளி மதுவை விடுவார்கள். அப்போது கோப்பையை யாருடைய கோப்பையோடும் மோதாமல் அமைதியாக நில்லுங்கள். பக்கத்தில் அமரும் பெரியவர் யார் என்பதை முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டுவைத்துக்கொண்டால், எப்போது எழுவது, எப்போது அமர்வது என்பதை அவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.